மூண்டு கப், வெட்டினது

குளிர்பெட்டிக் கதவில் காந்தம் கவ்விய துண்டு:
"காளான் மூண்டு கப், வெட்டினது.
தேங்காய்ப்பால் கடைசியில. எனக்கும் வையுங்கோ."
எழுதியவள் இரவுக் கடமைக்குப் போய்விட்டாள்.
எந்தக் கப் என்று எழுதவில்லை.

மேசையில் மொட்டுக் காளான் பக்கற் இரண்டு.
ஒவ்வொன்றிலும் இருநூறு கிராம் என்று அச்சு.
வெள்ளவத்தைக் கடைக்காரருக்குக் கிராம் தெரியும்.
என் மனைவிக்குக் கப் தெரியும்.
இடையில் நிற்கிறேன், கத்தியோடு.

இதுதானே என் உத்தியோகமும்.
காலி வீதியில், நகைக்கடைக்கு மேல் மாடியில்
கடல் தாண்டும் பாசல்களுக்கு விலை சொல்கிறவன்.
தராசு ஒரு எண் தரும்.
நாடா பிடித்து நீளம் அகலம் உயரம் பெருக்கி
ஐயாயிரத்தால் வகுத்தால்
இன்னொரு எண் வரும்.
எது பெரிதோ அதுக்குத்தான் காசு.

இன்று காலை மிஸிஸ் இரத்தினகோபால்
இலவம்பஞ்சுத் தலையணை இரண்டு கொண்டுவந்தார்.
ஸ்காபரோவில் மகனுக்குக் கழுத்து நோவாம்.
தராசில் இரண்டே முக்கால். நாடாவில் பதினொன்று.
"காத்துக்கும் காசோ தம்பி?"
"ஓம் அன்ரி, பிளேனில காத்துக்கும் இடம் வேணுமே."
அவர் சிரிக்கவில்லை.
செருப்பைக் கழற்றிவிட்டு
தலையணை மேல் ஏறி இருந்தார்,
சின்னப் பெட்டிக்குள் அது அடங்கும்வரை.
ஏழாய் இறங்கியது.

இப்போது நான்.
முழுக் காளானாய்ப் போட்டுப் பார்த்தேன்.
ஐந்து போனது.
ஆறாவது மற்றவற்றின் தலையில் ஏறி நின்றது.
இடுக்குகளில் சுண்டுவிரல் தாராளமாய்ப் போய்வந்தது.

வெட்டி நிரப்பினேன்.
துண்டுகள் ஒன்றில் ஒன்று சாய்ந்து
நடுவில் காற்றைக் குடிவைத்திருந்தன.
கப்பை மேசையில் தட்டினால் இறங்குகின்றன,
இன்னுமொரு காளானுக்கு இடம் வருகிறது.
உள்ளங்கையால் அமத்தினால் இன்னும் ஒன்றுக்கு.
எத்தனை தட்டு என்றும் அவள் எழுதவில்லை.

பயணப்பெட்டி நிறுக்கும் கொளுக்கித் தராசு ஒன்று
வேலையிடத்திலிருந்து வந்து வீட்டிலேயே தங்கிவிட்டது.
ஒரு கப்பைப் பையிலிட்டுத் தூக்கினேன்: பூச்சியம்.
மூன்றையும் சேர்த்துத் தூக்கினேன்:
பூச்சியம் தசம் இரண்டு. கொஞ்சம் யோசித்து, தசம் மூன்று.
பிறகு திரும்பவும் இரண்டு.
முப்பது கிலோ பெட்டிகளைக் கண்ட கருவிக்கு
காளான் வெறும் வதந்தி.

அப்போதுதான் உறைத்தது:
நான் அளந்தது சோற்றுக் குக்கரோடு வந்த கப்.
அரிசிக்கென்று செய்தது, மற்றக் கப்பைவிடச் சின்னது.
அளவுக் கப்பைத் தேடினேன். அதற்குள் ஊசியும் பொத்தான்களும்.
எல்லாவற்றையும் கொட்டிவிட்டு
முதலில் இருந்து.

சட்டியில் குவியலாய் நின்றது.
உப்புப் பட்டதும் வேர்த்தது,
தன் தண்ணீரிலேயே தான் மிதந்தது.
பின்னால் பாணந்துறை ரயில் போக
மூடி கிலுகிலுத்தது.
திறந்து பார்த்தால், மூன்று கப்பும் எங்கே?
அகப்பைக்கு அடியில் ஒளியுமளவு ஒரு பிடி.
மிச்சமிருந்ததையும் வெட்டிப் போட்டேன்,
அளக்காமல், கொஞ்சம் கோபத்தோடு.

விடிய ஏழரைக்கு வந்தாள்.
வெள்ளைச் சப்பாத்தைக் கழற்றாமலே மூடியைத் தூக்கினாள்.
"எவ்வளவு போட்டனீங்கள்?"
"ரெண்டு பக்கற்."
தலையாட்டினாள்.
அந்த அளவு அவளுக்கு உடனே விளங்கியது.

பிறகு கழுவாத பாத்திரங்களுக்குள் கைவிட்டு
காது உடைந்த நீலக் கோப்பையை எடுத்தாள்.
"இதுதான் கப்" என்றாள்,
அலசிவிட்டு
அதற்குள்ளேயே தேத்தண்ணி ஊற்றினாள்.